வரைபடம் வரையும் கை

பரங்கிமலை அடிவாரத்தில் 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி தரையை அளக்கத் தொடங்கினார். அளக்க வைத்திருந்தது நூறு அடி நீள எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும். அந்த நீட்சியும் கணக்கில் தப்பிவிடக் கூடாது என்று சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானியால் சூட்டைக் குறித்துக்கொண்டே நகர்ந்தார்கள். அளந்த அடிக்கோடு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். சங்கிலியை எடுத்து எடுத்து வைத்தது கிட்டத்தட்ட 400 முறை. பின்னாளில் இமயம் வரை நீண்ட மாபெரும் முக்கோண அளவை அந்தக் கோட்டிலிருந்துதான் புறப்பட்டது.

அதே பரங்கிமலையை இன்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத் தளத்தில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அங்கே ஒரு சந்து விடுபட்டிருந்தால், அந்தச் சந்தில் குடியிருக்கும் கல்லூரி மாணவியே அதை வரைந்து சேமிக்கலாம். சில நிமிடங்களில் அது உலகம் பார்க்கும் வரைபடத்தில் ஏறிவிடும். கருவி இளைத்துவிட்டது என்று எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, வரைகிற கை மாறிவிட்டது என்பதுதான்.

அரை டன் கருவி

லாம்டனின் கோணமானி லண்டனில் செய்யப்பட்டது. எடை ஏறத்தாழ அரை டன். அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் கடலில் பிடித்துக்கொண்டார்கள். என்ன கருவி என்று தெரிந்த பிறகு விடுவித்துச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். முக்கோணம் போட வேண்டுமானால் ஓர் உயரத்திலிருந்து இன்னோர் உயரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மலையுள்ள இடங்களில் உச்சிக்குப் போனார்கள். மலையே இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில்களின் உயரத்தைத் தேடிப் போனார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமானது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சீர்செய்தார்.

இந்த வேலையில் நம்மவர் உழைப்பும் கலந்திருக்கிறது. கொடி பிடித்து நின்றவர்கள், சுமை தூக்கியவர்கள், காடு வெட்டி வழி செய்தவர்கள் பலர் காய்ச்சலில் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் இல்லை. கருவிகளைச் செப்பனிட்டுத் தந்த ஆற்காட்டுக்காரர் சையது மீர் மோசின் உசேனைப் போலச் சிலருடைய பெயரே பதிவில் நின்றது.

அளந்த வேலையில் நம்மவர் உழைப்பு இருந்தும், வரைந்தது யாருக்காக? 1767இல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறைக்கும், 1794இல் சென்னையில் ஏற்பட்ட நில அளவைப் பள்ளிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேவைதான் முதல் காரணம். படை நடத்த வழி தெரிய வேண்டும், வரி வசூலிக்க நிலம் தெரிய வேண்டும். அந்தப் பள்ளியே பின்னர் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது.

விடுதலைக்குப் பிறகும் வரைபடம் அரசின் பெட்டிக்குள்தான் இருந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்ற 1:50,000 அளவிலான தாள்கள் அருமையானவை. ஒவ்வொரு குன்றின் உயரக்கோடும் ஒவ்வொரு கண்மாயின் கரையும் அவற்றில் உண்டு. ஆனால் கடலோரத்தையும் நாட்டு எல்லையையும் ஒட்டிய பல தாள்கள் சாதாரண மக்கள் கைக்கு வரவில்லை. அந்தப் பகுதிகளில் தன் ஊர்த் தாளைப் பார்க்க ஓர் ஆசிரியர் விரும்பினாலும் முடியவில்லை. 2005இன் தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கென்று தனி வரிசைத் தாள்களை அறிவித்தது. 2021 பிப்ரவரி 15 அன்று வந்த வழிகாட்டு நெறிகள், இந்தியர்கள் முன் அனுமதி வாங்காமலே நிலத் தரவுகளைத் திரட்டவும் வரைபடம் செய்யவும் வழிவிட்டன.

வெறும் திரையிலிருந்து

இதற்கிடையே வேறொரு பாதையும் திறந்துகொண்டிருந்தது. ஜிபிஎஸ் குறிகளில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை 2000 மே மாதம் அமெரிக்கா நிறுத்தியது. அதன் பிறகு கையடக்கக் கருவிகள் சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டத் தொடங்கின. பிரிட்டனில் அரசு வரைபடத் தரவு காசு கொடுத்தால்தான் கிடைக்கும் என்றிருந்தது. அப்படியானால் நாமே வரைந்துகொள்வோம் என்று ஸ்டீவ் கோஸ்ட் 2004இல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கினார்.

அன்றைய திரை ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. பின்னணியில் செயற்கைக்கோள் படம் எல்லா ஊருக்கும் கிடையாது. ஜிபிஎஸ் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் தெருத்தெருவாகச் சுற்ற வேண்டும். பெயர்ப் பலகைகளைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து, கணினியில் விழுந்த தடத்தின் மேல் கோடு இழுக்க வேண்டும். 2010 கடைசியில் மைக்ரோசாஃப்டின் பிங் சேவை தன் வான்படங்களைப் பார்த்து வரைய அனுமதித்தது. 2013 மே மாதம், எதையும் நிறுவாமல் உலாவியிலேயே வரைய ஐடி எடிட்டர் வந்தது. கணினி நுணுக்கம் தெரியாதவரும் உள்ளே வரலாம் என்றானது அப்போதுதான்.

இப்படிப் பலர் சேர்ந்து வரைவதால் என்ன பயன் என்பதை அதற்கு முன்பே, 2010 ஜனவரி 12இல் ஹைட்டியில் நேர்ந்த நிலநடுக்கம் காட்டியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சுக்கு விரிவான வரைபடம் இல்லை. உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் வான்படங்களைப் பார்த்துச் சில நாட்களிலேயே தெருக்களை வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அந்த வரைபடத்தைத் தங்கள் கருவிகளில் ஏற்றிக்கொண்டு இடிபாடுகளுக்குள் போயின.

திரைக்குள் வழி

முதல் தடவை ஐடி எடிட்டரைத் திறப்பவருக்கு மலைப்பு வரும். செயற்கைக்கோள் படத்தின் மேல் வண்ண வண்ணக் கோடுகள், குட்டி வட்டங்கள், நாலா பக்கமும் பொத்தான்கள். மாவட்டம் முழுவதையும் உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் எதையும் வரைய விடாது. வீட்டுக் கூரைகள் தெரியும் அளவுக்குக் கீழே இறங்க வேண்டும். உள்ளேயே ஒரு பயிற்சிப் பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து த்ரீ ரிவர்ஸ் என்ற சிற்றூரை வைத்து அது சொல்லித் தருகிறது. அங்கே வரைவது மெய்யான வரைபடத்தில் ஏறாது. ஆகவே பயப்படாமல் கை பழகலாம். அதை முடித்துவிட்டு ஊர்ப்பக்கம் வருவது நல்லது.

உலகம் முழுவதையும் இந்தக் கருவி மூன்றாகப் பிரித்துவிடுகிறது. கிணறு, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவை புள்ளி. சாலை, வாய்க்கால், ஒற்றையடிப் பாதை ஆகியவை கோடு. பள்ளிக் கட்டடம், குளம், விளையாட்டுத் திடல் ஆகியவை பரப்பு. விசைப்பலகையில் 1, 2, 3 அழுத்தினால் இந்த மூன்றும் வரிசையாக வரும். கோட்டை முடிக்கக் கடைசிப் புள்ளியில் இன்னொரு கிளிக் போதும். பரப்பை மூடத் தொடங்கிய இடத்துக்கே திரும்பினால் போதும். வீட்டின் மூலைகள் கோணலாக விழுந்தால், அதைத் தேர்ந்து க்யூ விசையைத் தட்டினால் செங்கோணமாகிவிடும். வரைந்ததும் இடப்பக்கப் பலகை, இது என்ன என்று கேட்கும். பட்டியலில் தேடிச் சொல்ல வேண்டும். பெயரைத் தமிழிலும் சேர்க்கத் தனி இடம் உண்டு.

கவனம் வைக்க வேண்டிய இடங்கள் சில. இரண்டு சாலைகள் கண்ணுக்குக் கூடுவதுபோல் தெரிந்தாலும், இரண்டுக்கும் பொதுவான புள்ளி இல்லையென்றால் வழிகாட்டும் செயலி அங்கே திரும்பச் சொல்லாது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். மேம்பாலத்தில் இதற்கு நேர்மாறு: மேலே போகும் சாலையையும் கீழே போகும் சாலையையும் இணைக்கவே கூடாது. செயற்கைக்கோள் படம் சில மீட்டர் தள்ளி விழுந்திருப்பதும் உண்டு. பின்னணி அமைப்பில் அதை நகர்த்திச் சரிசெய்துவிட்டுத் தொடங்க வேண்டும். மற்ற நிறுவனங்களின் வரைபடத்தைப் பார்த்துப் பெயர்களை எழுதுவது கூடாது. அது அவர்கள் உரிமை. தெருவில் நின்று படித்த பலகையே போதும்.

சேமிக்கும்போது, செய்ததை ஒரு வரியில் எழுதச் சொல்லும். யாராவது பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்க ஒரு கட்டமும் இருக்கிறது. புதியவர்கள் அதைத் தட்டிவிட்டால், அனுபவம் உள்ளவர்கள் வந்து பார்த்துச் சொல்வார்கள். முன்பிருந்த நிலை ஒவ்வொன்றும் வரலாறாகச் சேமிப்பில் நிற்பதால் தவறு நேர்ந்தாலும் மீட்க முடியும். ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும்: வயல் வரப்புத் தகராறுக்கு இது சான்று ஆகாது. அதற்கு வருவாய்த் துறையின் பட்டாவும் புலப்படமும்தான் ஆவணம்.

ஏரி எங்கே முடிகிறது?

இந்தக் கருவியால் தானாகச் செய்ய முடியாத வேலையைப் புரிந்துகொள்ள ஓர் ஏரியை வரைந்து பார்த்தால் போதும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. சித்திரையில் எடுத்த படத்தில் பல ஏரிகள் புல்வெளிபோலத் தெரியும். நடுவில் மாடு மேயும், ஓரத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிய தடம் இருக்கும். தொலைவில் உட்கார்ந்து வரைபவர் அதை வெற்று நிலம் என்றே குறிப்பார். கார்த்திகையில் எடுத்த படத்தில் அதே இடம் கரை முட்ட நிற்கும்.

எதை வரைவது? நீர் முழுக்கொள்ளளவில் எட்டும் விளிம்பை வரைந்து, பருவத்தில் மட்டும் நீர் இருக்கும் என்று குறிக்க இந்தக் கருவியில் இடம் உண்டு. ஆனால் அந்த விளிம்பு எது என்று வானத்திலிருந்து எடுத்த படம் சொல்லாது. மதகு எந்தப் பக்கம், எத்தனை மதகு, நிறைந்தால் கலங்கல் வழியே வழியும் நீர் எந்த ஓடையில் இறங்கி அடுத்த எந்த ஏரிக்குப் போகிறது — இவை கரையில் பயிர் செய்பவருக்குத் தெரியும். தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டியாருக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு, கரைமேல் நடந்து பார்த்து வரைந்தால்தான் ஏரி ஏரியாக வரைபடத்தில் நிற்கும். கூரைகளுக்குக் கீழே இருக்கும் நடைபாதையும், மரத்தடிக் கோயிலும், பொதுவழி எது தனியார் வழி எது என்பதும் இப்படியே. சங்கிலி காலத்தில் தூரத்தை அறிவதுதான் கடினமாக இருந்தது. இப்போது தூரம் தானாக வருகிறது. ஊரை அறிவதே வேலையாக மிஞ்சியிருக்கிறது. அந்த வேலைக்கு ஊர்க்காரரைவிடத் தகுதியானவர் இல்லை.

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியபோது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்து ஒரு வெள்ள வரைபடம் இணையத்தில் ஏறியது. தங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே அந்தத் தெருவைத் தொட்டுக் குறித்தார்கள். எந்த வழி போகலாம், எந்த வழி போகக் கூடாது என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். இது நடக்க முடிந்ததற்குக் காரணம், அந்தத் தெருக்களை யாரோ சிலர் மழைக்கு முன்பே, ஓய்வு நேரங்களில், பலன் எதிர்பாராமல் வரைந்து வைத்திருந்ததுதான். வெள்ளம் வந்த பிறகு வரையத் தொடங்கியிருந்தால் எந்தத் தெருவைத் தொடுவது?

பெரிய நகரங்களின் சாலைகள் இப்போது ஓரளவு நிரம்பிவிட்டன. சிற்றூர்கள்தான் இன்னும் வெறிச்சோடிக் கிடக்கின்றன. பல இடங்களில் ஊருக்குள் போகும் சாலை மட்டும் இருக்கும், தெருக்கள் இருக்காது. அங்கன்வாடி இருக்காது, துணைச் சுகாதார நிலையம் இருக்காது. பள்ளிப் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை நோட்டும் பேனாவுமாக ஊரைச் சுற்றி வந்து, திங்கட்கிழமை கணினி வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு கிராமம் வரைபடத்தில் ஏறிவிடும். புவியியல் பாடமும் ஊர்ப் பாடமும் சேர்ந்தே நடக்கும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, உங்கள் ஊர் ஏரியையும் கலங்கலையும் அதிலிருந்து இறங்கும் ஓடையையும் வரைந்துவிடுங்கள். ஓடையை ஒட்டி இருக்கும் வீடுகளையும், மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து வரையுங்கள். நீர் உயரும்போது யாரை எங்கே கொண்டுபோவது என்று பார்க்க அந்த வரைபடம் பயன்படும்.