வானில் மறைந்தோரைக் காட்டுங் கருவிகள்

1972-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள், அமெரிக்கப் பிரதிநிதி சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராகிய ஹேல் பாக்ஸும், அச்சபை உறுப்பினராகிய நிக் பெகிச்சும், வேறிருவரும் ஏறிய சிறு விமானம் அலாஸ்காவில் ஆங்கரேஜினின்று ஜூனோவுக்குப் புறப்பட்டது. ஆனாற் போய்ச் சேர்ந்திலது. 39 நாட்கள் தேடியும் பயனில்லை. விழுந்தாரைக் காப்பதற்கு முதற்கண் வேண்டுவது அவர் விழுந்த இடத்தை அறிதலே என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வறிவைத் தருங் கருவிகள் இருவகைப்படும். முதலாவது, அபாய அறிவிப்புக் கருவி. விமானம் மோதும் அதிர்ச்சியால் இது தானே இயங்கி ரேடியோ அலைகளை வெளியிடும். விமானி கையாலும் இயக்கலாம். அவ்வலைகளைச் செயற்கைக் கோள்கள் ஏற்று, நிலத்து நிலையங்கட்கு அனுப்பும். இடத்தை அறியுமாறு யாங்ஙனம்? நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்தும், கடந்து அகலுங்கால் தாழ்ந்தும் கேட்பதை நாம் அறிவோம். அவ்வாறே கோள் நெருங்கி அகலுங்கால் அலையின் அதிர்வெண் மாறும். அம்மாறுதலைக் கணித்து இடத்தைத் துணிவர். இது டாப்ளர் விளைவு எனப்படும்.

அமெரிக்கா, கானடா, பிரான்சு, சோவியத் நாடு என்னும் நான்கும் கூடிக் காஸ்பாஸ்-சார்சாட் என்னும் இம்முறையை அமைத்தன. 1982 ஜூனில் சோவியத் நாடு முதற் கோளை ஏவிற்று; அவ்வாண்டு செப்டம்பரிலேயே, கானடாவில் விழுந்த சிறு விமானத்தினர் மூவர் அதன் உதவியால் உயிர் பிழைத்தனர். அரசியலிற் பகைத்து நின்றோர் உயிர் காத்தலில் ஒன்றுபட்டமை பாராட்டத்தக்கது.

எனினும் மோதலில் இக்கருவியின் ஆன்டெனா முறியலாம். தீயிற் கருவியே அழியலாம். 2007 செப்டம்பர் 3-இல் நெவாடாவினின்று தனியே பறந்த ஸ்டீவ் பாசெட் மறைந்தார். அவரது விமானத்தின் சிதைவு ஓராண்டு கழிந்த பின்னரே மலைச்சாரலிற் காணப்பட்டது.

இக்குறையை நிரப்புவது இரண்டாவதாகிய வழிகாண் கருவி. இது பறக்கும்போதே சில நிமிடங்கட்கு ஒருமுறை தன் இருப்பிடத்தைக் கோள் வாயிலாக அறிவித்துக்கொண்டே செல்லும். மணிக்கு 180 கிலோமீட்டர் செல்லும் விமானம் 10 நிமிடத்திற் கடப்பது 30 கிலோமீட்டரே. ஆதலின், கருவி மோதலில் அழிந்தாலும், கடைசியாகக் குறித்த இடத்தைச் சூழ்ந்து தேடலாம். 2 நிமிடத்திற்கு ஒருமுறை அறிவிப்பின், அவ்வெல்லை 6 கிலோமீட்டராகச் சுருங்கும்.

இனி, விமானியின் கடமை ஒன்றுண்டு. 2009 பிப்ரவரி 1 முதல், பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் ஒலியைக் கோள்கள் கேட்பதில்லை. 406 மெகாஹெர்ட்ஸ் கருவியே வேண்டும். அதற்குரிய தனியெண்ணை உடையவர் பெயரோடு பதிவு செய்தல் இன்றியமையாதது. அங்ஙனம் செய்யின், பொய்யறிவிப்பாயின் தொலைபேசியால் விசாரித்து அறிவர். மெய்யாயின், தேடுவது யாரை, எவ்விமானத்தை என்பதை அறிந்தே மீட்போர் புறப்படுவர். கருவி வாங்குவதோடு அமையாது, அதனைப் பதிந்தும் சோதித்தும் வைப்பவனே தன்னுடன் வருவாரைக் காப்பவன் ஆவான்.