ஏழு ரோட்டைக் கடப்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கோடைக்கானலில் பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்று கேட்டால் ஏரி, தூண் பாறை, குறிஞ்சியாண்டவர் கோயில் என்று அடுக்குவார்கள். பட்டியலில் இல்லாத இடம் ஒன்று உண்டு. அது ஏழு ரோடு சந்திப்பு. அதைப் பார்க்காமல் எவரும் ஊருக்குள் போக முடியாது. பார்க்காமல் போகவும் கூடாது!

பெயருக்கேற்ப ஏழு சாலைகள் கூடும் இடம் அது. நான்கு சாலைகள் கூடும் இடத்தில், ஒரு சாலையில் வரும் வண்டி மற்ற மூன்றில் எதிலும் திரும்பலாம். ஆக 4 × 3 = 12 வழிகள். சாலைகள் ஏழு என்றால் 7 × 6 = 42. ஒருவழிப்பாதை வைத்தால் இந்த எண் குறையும். ஆயினும் நடந்து செல்பவர், எந்த வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒவ்வொரு கணமும் ஊகித்தபடியேதான் காலை எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

"வலமும் இடமும் பார்த்துச் சாலையைக் கடக்க வேண்டும்" என்று தொடக்கப்பள்ளியில் படித்தோம். சமவெளிக்கு அந்தப் பாடம் போதும்; மலைக்குப் போதாது. ஏன் போதாது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

நடப்பவர் வினாடிக்குச் சுமார் 1.2 மீட்டர் செல்வார் என்று சாலைப் பொறியியலார் கொள்கின்றனர். 7 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க ஏறத்தாழ 6 வினாடிகள் ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் வினாடிக்கு 11 மீட்டர் ஓடும். 6 வினாடிகளில் 65 மீட்டருக்கு மேல் வந்துவிடும். ஆகவே அச்சமின்றிக் கடக்க வேண்டுமானால், இருபுறமும் 65 மீட்டராவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒட்டன்சத்திரம் சாலையில் அதைவிடப் பன்மடங்கு தெரியும். மலை வளைவில் 30 மீட்டர் தெரிந்தாலே பெரிது.

சாலை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஒருவர் இறங்குகிறார். நடுச்சாலைக்குப் போவதற்குள், பார்த்தபோது இல்லாத வண்டி வந்து நிற்கிறது. நின்றால் நல்லது. நிற்காவிட்டால், "பார்க்காமல் குறுக்கே வந்துவிட்டார்" என்று ஊர் பேசும். அவர் பார்த்தார், பார்த்தபோது வண்டி இல்லை. இந்த வேறுபாட்டை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை கோடைக்கானலில் சந்தை நாள். மேல்மலைக் கிராமங்களிலிருந்து காய்கறிக்கும் மளிகைக்கும் வருகிறவர்களில் மூட்டையைத் தலையில் சுமந்த பாட்டிமார்களும் உண்டு. அவர்களின் நடை வினாடிக்கு 0.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே சாலையைக் கடக்க 9 வினாடிகள் ஆகும். அதற்குள் அந்தக் கார் 100 மீட்டர் வந்துவிடும். சுற்றுலா வண்டிகள் மிகுந்து வருவதும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடைக்கானலுக்குள் வார நாட்களில் 4,000 வண்டிகளும், வார இறுதியில் 6,000 வண்டிகளும் மட்டுமே விடப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு கட்டியது. வரம்பே இவ்வளவு என்றால் நெரிசலைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி வண்டியின் பக்கத்தைப் பார்ப்போம். ஆளைக் கண்டதும் ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடியாவது பிடிக்கும். அதற்குப் பிறகு வண்டி இழுத்துச் செல்லும் தூரம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். உராய்வு குறையக் குறைய அது நீளும். நனைந்த சாலைக்கு உராய்வுக் குணகம் 0.4 என்றும், இறக்கம் 15-க்கு 1 என்றும் கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் கார் நிற்க மொத்தம் 30 மீட்டர் தேவை. அதாவது வளைவில் நமக்குத் தெரியும் தூரம் முழுவதும்! அதே கார் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 10 மீட்டரில் நின்றுவிடும். வேகம் பாதியானால் நிற்கும் தூரம் மூன்றில் ஒரு பங்காகிறது.

இதில் இன்னொரு சங்கடம். இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய பாடம். பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் எதை மிச்சப்படுத்துகிறார்களோ தெரியவில்லை.

மூடுபனி இறங்கிவிட்டால் இந்தக் கணக்குகளும் பொய்த்துப்போகும். உயர் ஒளியைப் போட்டால் பனித்துளிகள் அதைச் சிதறடித்து ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். தாழ் ஒளியே நல்லது. நாமோ கறுப்புக் கம்பளியும் காதை மூடிய குல்லாவுமாக நடக்கிறோம். வளைவுக்கு அப்பால் வரும் வண்டியைக் கண் காண்பதற்கு முன் காது கேட்கும். சாலையில் இறங்கும் முன் குல்லாவை ஒரு காதிலிருந்தாவது விலக்கிக்கொள்வது செலவில்லாத வைத்தியம். வளைவின் வாயிலேயே கடக்காமல், இருபுறமும் நன்றாகத் தெரியும் இடம்வரை நடந்து போய்க் கடப்பது அதைவிட நல்லது.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் நடப்பவர் தலையில் கட்டுவது நியாயமன்று. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமையும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று கூறியது. கோடைக்கானலுக்கு இது புதிதன்று. மலைச்சரிவை ஒட்டி நடப்பதற்கென்றே கோக்கர்ஸ் வாக் அமைக்கப்பட்டது 1872-ல். வத்தலக்குண்டு மலைச்சாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1916-ல்தான். காலுக்கு வழி செய்த பிறகே இந்த ஊர் சக்கரத்துக்கு வழி செய்தது.

மலையடியில் இருக்கும் பழனியைப் பாருங்கள். காவடியோடும் குழந்தைகளோடும் பக்தர்கள் வலம் வரும் கிரிவீதியில், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 முதல் தனியார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அங்கே யாரும் வலமும் இடமும் பார்த்துத் தவிக்க வேண்டியதில்லை.

ஏழு ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட முடியாது. ஊருக்குச் சோறு போடுவதே அந்த வண்டிகள்தாம். வெள்ளைக் கோடு போடலாம். இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் 1951-ல் தொடங்கிய வரிக்குதிரைக் கோடுகள் உலகமெங்கும் பரவியிருக்கின்றன. ஆனால் மூடுபனியில் கோடு தெரியாது. கடக்கும் இடத்தையே நடைபாதையின் உயரத்துக்கு அகன்ற மேடாகக் கட்டிவிட்டால், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வண்டி வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும். கோடு ஓட்டுநரைக் கேட்டுக்கொள்ளும், மேடு கேட்டுக்கொள்வதில்லை. அந்த மேட்டையும் வளைவிலிருந்து 30 மீட்டருக்கு மேல் தள்ளிக் கட்ட வேண்டும்.