ஆவிகள் இறங்கும் கரை

சமோவா நாட்டின் மேற்குக் கோடியில் சவாயி தீவு. அதன் மேற்கு முனையில் ஃபாலேயாலுப்போ கிராமம். வெண்மணலும் தென்னையுமாகப் பயணிகள் விரும்பித் தங்கும் கடற்கரை. ஆனால் ஊரார் கேட்டு வளர்ந்த கதையே வேறு. நாட்டில் யார் செத்தாலும் உயிர் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதானாம்.

கிழக்கிலிருந்து கிளம்பும் ஆவி, உபோலு தீவின் மேற்கு முனையில் கடலில் குதித்து, மனோனோ தீவைக் கடந்து, சவாயி வழியாக இங்கே வரும். கரையோரப் பாறைகளுக்கு நடுவே இரண்டு குழிகள். பெரியது தலைவர்களுக்கு, சிறியது சாமானியர்களுக்கு. செத்த பிறகும் அந்தஸ்து விடவில்லை! உள்ளே இறங்கினால் புலோட்டு என்னும் மறுவுலகம். அங்கிருந்து இரவில் வெளியே வந்து உலவலாம். விடிவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

இப்படி உலவும் ஆவியை ஐட்டு என்கிறார்கள். அதற்கு நடுங்குகிறவர்கள்தான் செத்தவர்களை வீட்டு வாசலிலேயே புதைக்கிறார்கள். முறைப்படி அடக்கமானவர் குடும்பத்தோடு இருக்கிறார், அவரிடம் என்ன பயம்? உடல் கிடைக்காமல் போனவரை நினைத்துத்தான் கலக்கம்.

அதற்கும் ஒரு சடங்கு இருந்ததை மிஷனரி ஜார்ஜ் டர்னர் 1884-இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் கடலில் மூழ்கிப்போனால், உறவினர் ஐந்தாறு பேர் கரையில் பேசாமல் உட்காருவார்கள். ஒருவர் மட்டும் சற்று முன்னால் மரப்பட்டைத் துணியை விரித்து, குலதெய்வத்தை வேண்டுவார். எறும்போ வெட்டுக்கிளியோ, துணியில் முதலில் வந்து அமர்வதுதான் இறந்தவரின் உயிர். எதுவும் வராவிட்டால், வேண்டுகிறவர்மேல் ஆவிக்கு ஏதோ மனத்தாங்கல் என்று பொருள். அவர் எழுந்துகொள்ள, அடுத்தவர் வந்து உட்காருவார். வந்த பூச்சியைப் பத்திரமாகப் பொதிந்து எடுத்துப்போய், சுற்றம் கூடி அடக்கம் செய்வார்கள்.

1830-இல் மிஷனரி ஜான் வில்லியம்ஸ் சவாயியில் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்து இறக்கினார். இன்று ஊருக்கு ஊர் தேவாலயம். ஐட்டுகளும் போய்விடவில்லை. அந்தி சாய்ந்தபின் கூந்தலை விரித்துப்போடாதே, தெலேசா என்னும் பெண் ஆவிக்குப் பொறாமை வரும் என்று பெண் பிள்ளைகளை இன்றும் பெரியவர்கள் அதட்டுகிறார்கள்.

அதே ஊர்களில் ஃபாலே ஐட்டு என்றொரு கேலி நாடகமும் உண்டு. நடிகர் ஆவியின் பெயரில் மேடையேறுவதால், ஊர்த் தலைவரையும் போதகரையும் முகத்துக்கு நேரே நையாண்டி செய்யலாம். பேசுவது ஆவியாயிற்றே, யார்மேல் கோபித்துக்கொள்வது? பெரியவர்கள் முன் வாய் திறக்கத் தயங்கும் சமூகத்தில், மனத்தில் பட்டதைச் சொல்லப் பேய்தான் துணைக்கு வருகிறது.