தட்டும் தெருவும் – 11: பவானிபூரில் பர்கர்

சென்ற வாரம் கல்கத்தாவில் நிஜாம் கடையின் காட்டி ரோலோடு நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து எஸ்பிளனேடுக்கு நடந்து மெட்ரோ ஏறினால் பவானிபூர் சில நிமிடத் தூரம். இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24 அன்று ஓடியது இந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவில்தான். அன்றைய பவானிபூர் நிலையத்துக்கு இன்று நேதாஜி பவன் என்று பெயர்.

படியேறி வெளியே வந்தால் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. 1885-இல் தொடங்கிய பலராம் மல்லிக்கின் சந்தேஷ், நூறாண்டு கடந்த ஸ்ரீஹரி கடையின் லுச்சியும் கடலைப்பருப்பும், ஹரீஷ் முகர்ஜி சாலையில் பல்வந்த் சிங் கடையில் பாலும் கோலாவும் கலந்த தூத் கோலா. வங்காளிகளோடு குஜராத்திகளும் சீக்கியர்களும் தலைமுறைகளாக வாழும் பேட்டை என்பதால் சைவத்துக்கும் அசைவத்துக்கும் சம மரியாதை. இப்போது பர்கரும் இங்கே ஊன்றிவிட்டது. அது எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வாரப் பேச்சு.

பர்கரின் உயிர் கறியில் இருக்கிறது. அமெரிக்கச் சமையற்காரர்கள் கொத்திய மாட்டுக்கறியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு கேட்பார்கள். கல்லில் போட்டதும் அந்தக் கொழுப்பு உருகி, கறியைத் தன் நெய்யிலேயே வேகவைக்கும். அடிப்பக்கம் முறுகிப் பழுப்பேறும். மணம் பிறப்பது அந்த முறுகலில். கறியை அன்றன்றே கொத்த வேண்டும், அழுத்திப் பிசையக் கூடாது. உப்பைக் கல்லில் போடும் நேரத்தில் மேலே தூவினால் போதும். முன்கூட்டியே கலந்து வைத்தால் உப்பு கறியின் புரதத்தைக் கரைத்து இழுத்துக் கட்டிவிடும். உதிர வேண்டிய கறி ரப்பராகிவிடும். பல கடைகள் கோட்டை விடுவது இந்த ஒரே இடத்தில்தான்.

நம் ஊர்களில் பெரும்பாலும் கிடைப்பது வெள்ளாட்டுக்கறி. அதன் கொழுப்பு தசைக்குள் ஊடுருவி நிற்பதில்லை. வயிற்றுக்குள், சிறுநீரகத்தைச் சுற்றித் தனியாகத் திரண்டிருக்கும். வெறும் சதையைக் கொத்தித் தட்டி வெறுங்கல்லில் போட்டால் காய்ந்து போகும். மெக்டொனால்ட்ஸ் 1996-இல் டெல்லி வசந்த் விஹாரில் முதல் கடை திறந்தபோது மகாராஜா மேக்கை ஆட்டுக்கறியில்தான் செய்தது. பிறகு கோழிக்கு மாறிவிட்டது.

கறி காய்ந்துபோகும் இந்தச் சிக்கலை கல்கத்தாவில் கேபின் என்று அழைக்கப்படும் பழைய சிற்றுண்டிக் கடைகள் எப்போதோ தீர்த்துவிட்டன. வெள்ளைக்காரர் சமையலறையிலிருந்து வந்த கட்லெட்டை அவர்கள் தங்கள் கறிக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார்கள். கொத்துக்கறியில் இஞ்சி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்து, முட்டையில் தோய்த்து, ரஸ்குத் தூளில் புரட்டி எண்ணெயில் விடுவார்கள். மேல்தோல் உடனே இறுகிவிடுவதால் உள்ளே இருக்கும் சாறு எளிதில் வெளியேறுவதில்லை. கவிராஜி கட்லெட்டுக்கு இன்னும் ஒரு படி மேலே போய், நுரைக்க அடித்த முட்டையைக் கொதிக்கும் எண்ணெயில் தெளித்து, வலைபோல் பொரிந்த அதைக் கட்லெட்டைச் சுற்றிப் போர்த்துவார்கள். காலேஜ் தெருவின் தில்குஷா கேபின் 1918-இலிருந்து இருக்கிறது. கொழுப்புக் குறைந்த கறியை ஈரம் காயாமல் காப்பதில் இவர்களைவிடத் தேர்ந்தவர்களை நான் அறியேன். பவானிபூரில் ஆட்டுக்கறி பர்கர் போட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியது ஒரு கேபின் கடையில்தான்.

பன்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மென்மையாக, லேசான இனிப்போடு, வெட்டிய பக்கம் வெண்ணெயில் வாட்டியதாக இருக்க வேண்டும். வாட்டாத பன் சாற்றைக் குடித்துக் கூழாகிவிடும். குச்சி குத்தி நிமிர்த்திய கோபுர பர்கர்கள் படத்துக்கு நன்றாக இருக்கலாம், வாய்க்குள் போகாது.

தொட்டுக்கொள்ள என்ன என்பதில்தான் எனக்கு மனக்குறை. உறைந்த உருளைக்கிழங்குப் பொட்டலத்தைப் பிரித்துப் பொரித்து, தக்காளி சாஸோடு வைத்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே ஹூக்ளி மாவட்டம் உருளைக்கிழங்கை மலையாக விளைவிக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: குளிர்பதனக் கிடங்கில் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும், அதனால் வேகும் முன்பே கருத்துவிடும். வாங்கிய கிழங்கைச் சில நாள் வெளியில் வைத்திருந்து, முதலில் மிதமான எண்ணெயில் வேகவிட்டு, ஆறியபின் நல்ல சூட்டில் இன்னொரு முறை பொரித்தால் சரியாக வரும். அதுவும் வேண்டாமென்றால் வங்காள வீடுகளின் ஜுரி பாஜா இருக்கிறது: தீக்குச்சி மெல்லிசாக நறுக்கி மொறுமொறுவென்று பொரித்த கிழங்கு. பர்கருக்குப் பக்கத்தில் அதை வைக்க எந்தக் கடைக்காரருக்கும் ஏன் தோன்றவில்லை?

கேபின் கடைத் தட்டில் கட்லெட்டோடு எப்போதும் வருபவை மூன்று: மெல்லிசாக அரிந்த வெங்காயம், வெள்ளரி, ஓரத்தில் கசுந்தி. கடுகை அரைத்துப் புளிக்கவைத்த அந்த விழுது மூக்கில் ஏறி, கொழுப்பின் திகட்டலை ஒரே நொடியில் அறுத்துவிடும். தக்காளி சாஸ் தருவதோ இனிப்புக்கு மேல் இனிப்பு. பன்னிலேயே இனிப்பு இருக்கும்போது அது எதற்கு?

அடுத்த முறை பவானிபூரில் பர்கர் கேட்டு உட்காரும்போது, கறி இன்று கொத்தியதா என்று கேளுங்கள். சாஸ் பாட்டிலை நகர்த்திவிட்டு, கசுந்தி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பவர் பத்துப் பேரானால் கடைக்காரர் வாங்கி வைப்பார்.

(தொடரும்)