கிண்டியை முதல் வரியில் எழுதுங்கள்

பிளஸ் 2 முடிவு வந்துவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குக் காலனித் தெருக்களில் ஒரே கேள்விதான்: "கட்-ஆஃப் எவ்வளவு?" கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்த பிள்ளைக்குக் கட்-ஆஃப் 178. கணித மதிப்பெண் முழுசாக, மற்ற இரண்டும் பாதியாக, மொத்தம் 200-க்கு. இந்தக் கணக்கு இன்று டீக்கடை வரைக்கும் தெரியும். இதற்கு அடுத்த கணக்குதான் பலருக்குத் தெரிவதில்லை. கையில் இருக்கும் மதிப்பெண்ணை வைத்து எந்தக் கல்லூரியை, எந்தத் துறையை, எந்த வரிசையில் எழுதுவது?

இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் தாங்களாகவே ஒரு படி இறங்கிவிடுகிறார்கள். "கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது?" என்று அதைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. கேட்காத இடத்தை எந்த இடஒதுக்கீடும் கொண்டுவந்து கையில் கொடுக்காது.

கிண்டிக்காக நடந்த வழக்கு

1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது கிண்டி பொறியியல் கல்லூரி. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதன்மை வளாகமானது. இந்தக் கல்லூரி இடத்துக்காக நடந்த வழக்குதான் இந்திய அரசமைப்புச் சட்டத்தையே முதல்முறை திருத்த வைத்தது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அன்றைய சென்னை மாநிலத்தில் இருந்த அரசுப் பொறியியல் கல்லூரிகள் நான்கு. மொத்த இடங்கள் 395. வகுப்புவாரி அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்துக் கொடுத்தார்கள். இதை எதிர்த்து இருவர் வழக்குத் தொடுத்தனர். மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பாகச் செண்பகம் துரைராஜன். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்த சீனிவாசன். 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தது. பெரியார் வீதிக்கு வந்தார். சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் நாடாளுமன்றத்தில் திருத்தத்துக்கு ஆதரவாக வாதாடினார். அதே ஆண்டு ஜூனில் 15(4) என்ற பிரிவு அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்தது. கல்லூரி இடங்களில் நமக்கு இன்று இருக்கும் ஒதுக்கீட்டுக்கு அந்தப் பிரிவுதான் அடித்தளம்.

நாம் எழுதத் தயங்கும் அந்தக் கிண்டி இடத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய போராட்டம் இருக்கிறது.

60 இடத்தில் யாருக்கு எத்தனை?

தமிழ்நாட்டில் ஒதுக்கீடு 69 சதவீதம். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. மீதி 31 சதவீதம் பொதுப் பிரிவு.

ஒரு துறையில் கலந்தாய்வுக்கு 60 இடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆதிதிராவிடர் பங்கு 9. அருந்ததியர் பங்கு கணக்குப்படி 1.8. பழங்குடியினர் பங்கு 0.6. பொதுப் பிரிவு 18.6.

இதில் இரண்டு தவறான எண்ணங்களைக் களைய வேண்டும். முதலாவது, "நமக்கு 9 இடம்தான்" என்பது. பொதுப் பிரிவு என்பது முன்னேறிய சாதியினருக்குப் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் அல்ல. அது எல்லாருக்குமான திறந்த போட்டி. நல்ல தரவரிசை எடுத்த ஆதிதிராவிட மாணவிக்குப் பொதுப் பிரிவில் இடம் இருந்தால் அங்கேதான் முதலில் ஒதுக்கப்படும். அந்த 9-ல் ஒன்றுகூடக் குறையாது. அது பின்னால் வரும் தம்பி, தங்கைகளுக்கு அப்படியே இருக்கும்.

இரண்டாவது, "அருந்ததியருக்கு 3 சதவீதத்தோடு சரி" என்பது. 2009-ல் வந்த உள்ஒதுக்கீட்டுச் சட்டப்படி, அந்த இடங்கள் நிரம்பிய பிறகும் தகுதியுள்ள அருந்ததியர் மாணவர்கள் மற்ற ஆதிதிராவிட இடங்களுக்கும் மதிப்பெண் அடிப்படையில் போட்டியிடலாம். அருந்ததியருக்கான இடங்கள் நிரம்பாமல் போனால், அவை மற்ற ஆதிதிராவிட மாணவர்களுக்குச் செல்லும். பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே இதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை.

கணினி எப்படி இடம் கொடுக்கிறது?

நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போய்விட்டது. 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையத்தில் நடக்கிறது. தரவரிசைப்படி மாணவர்களைச் சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றிலும் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் எழுதலாம்.

பட்டியல் முடிவான பின் நடப்பது எளிமையானது. தரவரிசையில் உங்கள் முறை வரும்போது கணினி உங்களுடைய முதல் விருப்பத்தை எடுக்கிறது. அங்கே பொதுப் பிரிவில் இடம் இருக்கிறதா? இருந்தால் உங்களுக்கு. இல்லையென்றால் உங்கள் சமூகப் பிரிவில் இருக்கிறதா? இருந்தால் உங்களுக்கு. இரண்டும் இல்லையென்றால்தான் இரண்டாவது விருப்பத்துக்குப் போகிறது. பிறகு மூன்றாவது. இப்படியே கீழே இறங்கிக்கொண்டு போகும்.

இதிலிருந்து தெரிவது என்ன? கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸை முதல் வரியில் எழுதியதால், பத்தாவது வரியில் எழுதிய கல்லூரி பறிபோகாது. மேலே ஆசைப்பட்டதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. பத்தாவது வரிக்குக் கணினி வரும்போதும் உங்கள் தரவரிசை அதேதான். ஆனால் பத்தாவது இடத்தில் இருக்க வேண்டியதை முதல் வரியில் எழுதிவிட்டால், அது கிடைத்ததும் கணினி அங்கேயே நின்றுவிடும். கிண்டியில் உங்கள் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காது.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகும் இதே விதிதான். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, "மேலே உள்ள விருப்பம் காலியானால் அதைக் கொடுங்கள்" என்று கேட்டுக் காத்திருக்க ஒரு வாய்ப்பு உண்டு. யாராவது மருத்துவத்துக்கோ வேறு கல்லூரிக்கோ போய்விட்டால் அந்த இடம் உங்களுக்கு வரலாம். ஆனால் நீங்கள் மேலே எழுதி வைத்திருந்தால் மட்டுமே. ஒதுக்கீட்டைக் குறித்த நேரத்துக்குள் உறுதிசெய்யாமல் விட்டால் கிடைத்த இடமும் கைவிட்டுப் போகும்.

இன்னொன்று. கடந்த ஆண்டு இறுதி கட்-ஆஃப் பட்டியலைப் பார்ப்பவர்கள் பொதுப் பிரிவுக்கான எண்ணைப் பார்த்து மலைத்துப்போகக் கூடாது. உங்கள் சமூகப் பிரிவின் வரிசையைப் பாருங்கள். அதுவும் கடந்த ஆண்டின் கணக்குதான். இந்த ஆண்டு ஏறலாம், இறங்கலாம். உங்கள் மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் இடங்களையும் தயங்காமல் எழுதுங்கள். அதற்கடுத்து எட்டும் தூரத்தில் உள்ளவை. கடைசியில் நிச்சயம் கிடைக்கும் என்று நினைப்பவை. பத்து வரியோடு பட்டியலை முடித்துக்கொண்டு, எதுவுமே கிடைக்காமல் நிற்பதுதான் பெரிய ஆபத்து.

எல்லாரும் கேட்கும் துறை

கம்ப்யூட்டர் சயின்ஸ், தகவல் தொழில்நுட்பம், மின்னணுவியல் ஆகிய துறைகளுக்குத்தான் இன்று கூட்டம். கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இவை விரைவில் நிரம்பிவிடும். அப்போது ஒரு கேள்வி எழும். பெயர் தெரியாத தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா? கிண்டியில் சிவிலா, மெக்கானிக்கலா? கோவை, சேலம், திருநெல்வேலி, காரைக்குடி, பர்கூர் அரசுக் கல்லூரிகளில் எலெக்ட்ரிக்கலா?

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அந்தக் கல்லூரியில் கடந்த ஆண்டுகளில் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள், ஆய்வகமும் விடுதியும் எப்படி இருக்கின்றன என்று அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேளுங்கள். கிண்டியில் 2010 முதல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியிலும் தொடங்கப்பட்டன என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு கதவு

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத இடங்கள் 2021 முதல் தனியாக உண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்காது. இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. இதற்குத் தகுதியுள்ளவர்கள் பொதுக் கலந்தாய்விலும் பங்கேற்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றொன்றை விட்டுவிட வேண்டும் என்று யாராவது விண்ணப்பிக்கும்போதே சொன்னால் நம்பாதீர்கள்.

சான்றிதழ், பணம், தரகர்

சாதிச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பம் போனால் பொதுப் பிரிவில் மட்டுமே இடம் கேட்க முடியும். ஆதிதிராவிடர், அருந்ததியர் சான்றிதழை வட்டாட்சியர் தருகிறார். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியரிடம் பெற வேண்டும், விசாரணைக்கு நாளாகும். இருளர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் முடிவு வரும்வரை காத்திருக்காமல் பிளஸ் 1 படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் சேர்க்கையில் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் வருவார்கள். இந்த அநீதி 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையிலிருந்து தொடர்கிறது. ஆனால் கல்விக் கட்டணச் சலுகையில் தமிழக அரசு அவர்களையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

கட்டணத்தைக் கண்டு பயப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், கலந்தாய்வு வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்க வேண்டும். 2012-ல் வந்த ஆதிதிராவிடர் நலத் துறை அரசாணை எண் 92 இதைத்தான் சொல்கிறது. "முதலில் கட்டுங்கள், உதவித்தொகை வந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கல்லூரி கேட்டால், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

முடிவு வந்த வாரத்திலேயே காலனிக்குள் தரகர்கள் வருவார்கள். "கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கித் தருகிறேன், அசல் சான்றிதழைக் கொடுங்கள்" என்பார்கள். அவர்கள் வாங்கித் தருவது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீடு. அங்கே இடஒதுக்கீடும் கிடையாது, உதவித்தொகைப் பாதுகாப்பும் கிடையாது. நான்கு ஆண்டுக் கட்டணத்துக்கு வீட்டு நகையும், இருக்கிற அரைக் காணி நிலமும் போய்விடும். அசல் சான்றிதழையும் கலந்தாய்வுக் கடவுச்சொல்லையும் எவரிடமும் கொடுக்காதீர்கள். இணைய மையத்தில் பதிவு செய்தாலும் வரிசை எண் ஒவ்வொன்றையும் நீங்களே சரிபாருங்கள். மாவட்டந்தோறும் உள்ள கலந்தாய்வு உதவி மையங்களில் இலவசமாக உதவுகிறார்கள்.

"கோட்டாவில் வந்தவன்"

கிண்டிக்குப் போனால் இந்தச் சொல் காதில் விழலாம். அதற்குப் பயந்தும் சிலர் எழுதாமல் விடுகிறார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள். ஒதுக்கீடு வாசல் வரைக்கும்தான். உள்ளே எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே தேர்ச்சி மதிப்பெண், ஒரே பட்டம். முதல் பருவத்தில் ஆங்கிலமும் கணிதமும் கழுத்தைப் பிடிக்கும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் கோடை விடுமுறையிலேயே பிளஸ் 2 கணிதத்தை ஆங்கிலச் சொற்களோடு ஒருமுறை புரட்டிவிட்டால் பாதிப் பாரம் குறையும். சாதியைச் சொல்லி இழிவு செய்தால் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கல்லூரி வளாகத்துக்குள்ளும் செல்லும்.

ஊரில் படித்து வேலைக்குப் போன அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள். விருப்பப் பதிவு தொடங்கும் நாளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வாருங்கள். சமுதாயக் கூடத்திலோ நூலகத்திலோ பிள்ளைகளைக் கூட்டி உட்காருங்கள். அந்த ஆண்டின் தகவல் கையேட்டைச் சேர்ந்து படியுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். ஒவ்வொரு பிள்ளையின் பட்டியலையும் வாங்கிப் பாருங்கள். முதல் வரியில் பயத்தால் எழுதிய பெயர் இருந்தால், அதைக் கீழே இறக்கிவிட்டு, அந்தப் பிள்ளை உண்மையில் விரும்பும் பெயரை மேலே ஏற்றுங்கள்.