காணாத கம்பியைக் காட்டும் பந்துகள்

முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் மின்கம்பி நன்றாகவே தெரிகிறது. வெளிச்சமான வானத்தில் அது கரிக்கோடு போல ஓடுகிறது. மேலேயிருந்து கீழே பார்ப்பவனுக்கு அப்படியல்ல. அவனுக்குக் கம்பியின் பின்னால் இருப்பது வானம் அல்ல. வயலும் பற்றையும் செம்மண்ணுமே. அந்த நிறங்களுக்குள் விரற்பருமன்கூட இல்லாத ஒரு கம்பி கரைந்து போய்விடுகிறது.

இந்த ஆபத்தை நன்கு அறிந்தவர்கள் அவுஸ்திரேலியாவின் கமக்காரர்கள். தோளில் தெளிகருவியைக் கொழுவிக்கொண்டு நடந்து மருந்தடித்து முடிக்கக்கூடிய வயல்கள் அல்ல அவர்களுடையவை. கோதுமையும் பருத்தியும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை விளைகின்றன. ஆகவே சிறிய விமானங்கள் பயிருக்கு மேலே மூன்று நான்கு மீற்றர் உயரத்தில், மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் பறந்து மருந்து தெளிக்கின்றன. அதே வயல்களின் குறுக்கே மின்கம்பிகளும் செல்கின்றன. ஒதுக்குப்புறமான பண்ணைகளுக்குக் குறைந்த செலவில் மின்சாரம் கொடுப்பதற்காக நியூசிலாந்துப் பொறியியலாளர் லொயிட் மண்டெனோ 1920களில் உருவாக்கிய ஒற்றைக் கம்பி முறை அங்கே பரவலாக உண்டு. ஒரேயொரு மெல்லிய உருக்குக் கம்பிதான். மின்னோட்டம் திரும்பிப் போக நிலமே வழி. கம்பங்களும் வெகு தூரத்துக்கு ஒன்றாகவே நிற்கும். தூரத்துக் குடும்பங்களுக்கு விளக்கேற்றிய அந்தச் சிக்கனம் விமானிக்குக் கண்ணியாகவும் ஆகிவிட்டது.

அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2001 முதல் 2010 வரையான பத்து ஆண்டுகளில் வானூர்திகள் கம்பியில் மோதிய 180 சம்பவங்களைப் பதிவு செய்தது. அவற்றில் 100 விவசாயப் பறப்பின்போது நிகழ்ந்தவை. அந்த நூறிலும் 63 வீதமான விமானிகளுக்குக் கம்பி எங்கே இருக்கிறது என்பது மோதுவதற்கு முன்னரே தெரிந்திருந்தது. இதை வாசித்தபோது நாம் சற்று நின்று யோசித்தோம். தெரியாமல் மோதினார்கள் என்றால் விளங்கிக்கொள்ளலாம். தெரிந்திருந்தும் எப்படி?

விமானி வயலை முதலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறான். கம்பியை மனதில் குறித்துக்கொள்கிறான். பின்னர் வேலை தொடங்குகிறது. காற்று எப்பக்கம் வீசுகிறது, மருந்து எவ்வளவு மிச்சம், அடுத்த வரிசை எது என்று மனம் ஓடுகிறது. பத்தாவது தடவை திரும்பும்போது கம்பி மனதிலிருந்து நழுவிவிடுகிறது. கண்ணும் அதை நினைவூட்டுவதில்லை. வீட்டு வாசல் நிலை எவ்வளவு பதிவு என்று தெரிந்தவர்தானே அதிலே தலையை இடித்துக்கொள்கிறார்! எனவே நினைவை மட்டும் நம்பாமல், கம்பியிலேயே கண்ணில் படும்படியாக ஏதாவது இருக்க வேண்டும்.

அதற்காகவே பந்துகள். ஆறு, பள்ளத்தாக்கு, விமான நிலையச் சுற்றாடல் ஆகிய இடங்களைக் கடக்கும் உயரமான கம்பிகளில் இவற்றைக் காணலாம். சர்வதேச சிவில் விமான அமைப்பின் விதிப்படி பந்தின் விட்டம் 60 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. அந்த அளவுப் பந்தாயின் 30 மீற்றருக்கு ஒன்று வீதம் மாட்ட வேண்டும். பெரிய பந்தாயின் இடைவெளியைச் சற்றுக் கூட்டலாம். ஒரு பந்துக்கு ஒரு நிறமே. வெள்ளையும் சிவப்பும், அல்லது வெள்ளையும் செம்மஞ்சளும் மாறி மாறி வரவேண்டும். பின்னணி வயலாயினும் நீராயினும் இரண்டில் ஒன்றாவது கண்ணில் படும். பந்து இரண்டு பாதிகளாகவே வருகிறது. கம்பியை நடுவில் வைத்துப் பாதிகளைப் பொருத்தி ஆணியால் முடுக்கிவிடுவார்கள்.

மாட்டுவது எப்படி?

சொல்வது எளிது. பந்து தொங்க வேண்டிய இடமோ இரண்டு கோபுரங்களுக்கு நடுவே, கீழே ஆறோ பள்ளமோ உள்ள அந்தரம். ஏணி எட்டாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கம்பியின்மேல் உருளும் சிறு தொட்டியில் ஏறித் தொழிலாளர் போவது ஒரு முறை. மற்றது ஹெலிகொப்டர்.

ஹெலிகொப்டர் சத்தம் என்றால் எமது மக்களுக்கு வேறு நினைவுகள் வரும். அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் நாம். அதே இயந்திரம் கம்பியருகே அசையாமல் நின்று பந்து மாட்டும் வேலைக்கும் உதவுகிறது என்பதைச் சொல்லவும் ஒரு கணம் தயக்கமாகத்தான் இருக்கிறது.

சிறிய ஹெலிகொப்டரின் பக்கவாட்டில் ஓர் உலோகப் பலகை பொருத்தப்படும். தொழிலாளி தன்னை ஹெலிகொப்டருடன் வாரால் பிணைத்துக்கொண்டு அதில் அமர்ந்திருப்பார். விமானி கம்பியை அணுகி, தொழிலாளியின் கை எட்டும் தூரத்தில் நிறுத்துவார். மேலே சுழலும் விசிறி கம்பியிலோ கோபுரத்திலோ பட்டுவிடக்கூடாது. இவ்வளவு பதிவாக, முன்னோக்கிய வேகமும் இல்லாமல் நிற்கையில் இயந்திரம் நின்றுபோனால் தப்பிக்க விமானிக்கு நேரம் மிகக் குறைவு. அவர் இருக்கையில் இருந்து தொழிலாளியின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். தொழிலாளி தன் ஆணியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் உயிர் மற்றவர் கையில்.

பெரும்பாலும் பந்துகள் கோபுர உச்சியில் ஓடும் புவித்தொடுப்புக் கம்பியிலேயே மாட்டப்படுகின்றன. இடி விழுந்தால் தாங்கி நிலத்துக்கு அனுப்புவதற்கான கம்பி அது. ஆயினும் இலட்சக்கணக்கான வோல்ற் ஓடும் கம்பியிலேயே, மின்சாரத்தை நிறுத்தாமல் வேலை செய்வதும் உண்டு. அது எப்படி முடிகிறது? காகத்தைப் பாருங்கள். ஒரு கம்பியில் மட்டும் குந்தியிருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆவதில்லை. நிலத்தையோ வேறு கம்பியையோ அது தொடாததால், அதன் உடலினூடாக மின்சாரம் பாய்ந்து செல்ல இடமில்லை. அந்தரத்தில் நிற்கும் ஹெலிகொப்டரும் ஒரு பெரிய காகந்தான்.

ஆனால் கம்பியை அணுகும் அந்தக் கணம் பொல்லாதது. தொழிலாளி முதலில் ஓர் உலோகக் கோலைக் கம்பியை நோக்கி நீட்டுவார். கோல் தொடுமுன்னரே நீலச்சுடர் பாயும். உடனே ஒரு கவ்வியால் ஹெலிகொப்டரைக் கம்பியோடு இணைத்துவிடுவார். அதன்பின் கம்பி, ஹெலிகொப்டர், இரு மனிதர் யாவும் ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன. தொழிலாளி அணிவது உருக்கு நூல் கலந்து நெய்த உடுப்பு. உலோகக் கூட்டுக்குள் இருப்பவரை வெளியிலுள்ள மின்சாரம் தாக்காது என்பதை மைக்கல் பரடே 1836இல் செய்து காட்டினார். இந்த உடுப்பு அப்படியான ஒரு கூடு. வேலை முடிந்து விலகும்போதும் அதே ஒழுங்கு, அதே சுடர்.

அண்மைக் காலத்தில் ஆளில்லாத சிறு வானூர்திகளும் இவ்வேலைக்கு வந்துவிட்டன. பாரமில்லாத அடையாளங்களையும், பறவைகள் மோதாதபடி தொங்கவிடும் சிறு தகடுகளையும் அவை கொண்டுபோய்க் கம்பியில் கவ்வ வைக்கின்றன. மன்னார் வங்காலைப் பக்கம் வரும் பூநாரை போன்ற பாரமான பறவைகளால் கம்பியைக் கிட்டத்தில் கண்டபின் சட்டென்று திரும்ப முடியாது. அவற்றுக்கு அத்தகடுகள் பெரிய உதவி.

எமது வயலில்

எங்கள் வயல்களுக்கு மேலே போகும் கம்பிகளில் பந்துகள் இல்லை. ஆனால் கம்பி இருப்பது தெரிந்தும் மறந்துபோகும் அந்தக் குணம் எங்களிடமும் உண்டு. குழாய்க்கிணற்றுக் குழாயை நிமிர்த்துகிறவர் கீழேயுள்ள துளையைப் பார்க்கிறார். தேங்காய் பறிக்கிறவர் குலையைப் பார்க்கிறார். லொறியில் ஏற்றிய அறுவடை இயந்திரத்தைக் கொண்டுபோகிறவர் பாதையைப் பார்க்கிறார். நெடுநாள் இடம்பெயர்ந்திருந்து காணிக்குத் திரும்புகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: முன்பு கம்பி இல்லாத இடத்தில் இப்போது இருக்கலாம். ஆகவே இப்படியான வேலைகளின்போது, வேறு எதற்கும் கைகொடுக்காமல் கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளை நிறுத்துங்கள். ஒரு நாட் கூலி வீண் என்று நினைக்க வேண்டாம்.

உழவு இயந்திரம் கம்பியில் பட்டுவிட்டால் இறங்காமல் அதிலேயே இருக்க வேண்டும். மற்றவர்கள் கிட்டப் போகக்கூடாது. மின்சாரப் பகுதிக்கு அறிவித்து, அவர்கள் வந்து மின்சாரத்தைத் துண்டிக்கும்வரை காத்திருக்க வேண்டும். தீப்பிடித்து இறங்கியே ஆகவேண்டுமென்றால், இயந்திரத்தையும் நிலத்தையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதிக்க வேண்டும். பின்னர் கால்களை அகட்டாமல், சேர்த்தபடியே தத்தித் தத்தி விலக வேண்டும். கால்களை அகட்டி வைத்தால் நிலத்தில் பரவியிருக்கும் மின்சாரம் ஒரு காலால் ஏறி மறு காலால் இறங்கும்.