குதிரை மாளிகையும் நம் பிள்ளைகளும்

கிழக்குக் கோட்டையைக் கடந்து செல்லாத திருவனந்தபுரம் தமிழர் இலர். ஆயினும் பத்மநாபசுவாமி கோயிலருகே நிற்கும் குதிரை மாளிகையினுள் சென்று கண்டோர் நம்முள் சிலரே. 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா எழுப்பிய அவ்வரண்மனை இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. கூரையின் கீழ் 122 மரக் குதிரைகள் அணிவகுத்து நிற்கின்றன. உள்ளே தந்தச் சிம்மாசனமும் படிகச் சிம்மாசனமும் கண்டு வியந்தோம்.

எனினும் நம் உள்ளம் நாடியது அம்மன்னரின் இசையவையையே. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அவ்வவையை அணிசெய்தவர். வயலினைக் கருநாடக இசைக்கு உரியதாக்கிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். 1834-இல் மன்னர் அவருக்குத் தந்த வயலின் பரிசளித்துப் போற்றினார்.

பிழைக்க வந்தவர் என்றே தம்மை எண்ணி வளரும் நம் பிள்ளைகள், இந்நகரின் கலைச்செல்வத்தில் தமிழர்க்கும் பங்குண்டு என்பதை அறிதல் வேண்டும். வரும் விடுமுறையில் அவர்களை அழைத்துச் சென்று காட்டுவீர்களாக!